புழுக் கிண்ணம் தேவையா, கடைக்காரர் தலையில் கட்டுறதா?

இழையைத் தொடங்கியவர் | 8 அக்டோபர் 2023

லெப்பர்ட் கெக்கோ (வீட்டில் வளர்க்கிற புள்ளிப் பல்லி) வாங்கி கொஞ்ச நாள்தான் ஆகுது. இங்கே இங்கிலாந்துக் கடையில், அதுக்குத் தீனிப் புழு போடுற கிண்ணம்னு ஒண்ணைப் பன்னிரண்டு பவுண்டுக்குத் தலையில் கட்டப் பார்த்தாங்க. காட்டில் அதுக்கு யார் தட்டு வைக்கிறா? இடுக்கியில் ஊட்டினா போதாதா? தட்டு, கிண்ணம் எல்லாம் நம்ம கண்ணுக்கு அழகா இருக்கணும்னு வைக்கிறது, அவ்வளவுதான். மறுக்கிறவங்க மறுக்கலாம்.

பதில் எழுதுபவர் (இனி எல்லாம் இவர் குறிப்பு) | 8 அக்டோபர் 2023, இரவு

மறுக்கிறேன்.

காட்டில் தட்டு இல்லைதான். மூணடிப் பெட்டியும் காட்டில் இல்லை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியான்னு கல்லும் முள்ளும் கிடக்கிற காய்ந்த பூமியில் ராத்திரி அலைஞ்சு வண்டு, சிலந்தி பிடிச்சுத் தின்கிற பிராணி அது. ஒண்ணு தப்பினா அடுத்தது கிடைக்கும். பெட்டிக்குள் தப்பின மீல்வார்ம் (தீனிக்கு விற்கிற வண்டுப் புழு) நேரா மண்ணுக்குள் புதையும். அப்புறம் ஒருநாள் கருப்பு வண்டா வெளியே வந்து நிக்கும், நீங்க அதை எங்கிருந்து வந்துச்சுன்னு தேடிக்கிட்டிருப்பீங்க.

கிண்ணம் பூச்சிக்குத்தான், பல்லிக்கு இல்லை. பூச்சி வெளியே போகாம இருக்கணும், பல்லி எட்டிப் பார்த்து எடுக்கணும். இந்த ரெண்டும் நடந்தா அது எதுவா இருந்தாலும் கிண்ணம். பன்னிரண்டு பவுண்டு கொடுக்காதீங்க.

8 அக்டோபர் 2023, அதுக்குக் கொஞ்ச நேரம் கழிச்சு

இடுக்கி பத்திச் சொல்ல விட்டுட்டேன். இடுக்கி நல்லதுதான். ஆனா நீங்க வேலை முடிஞ்சு வெளிச்சம் இருக்கும்போதே வந்து நீட்டினா அது தூங்கிக்கிட்டு இருக்கும். பொழுது சாஞ்ச பிறகுதான் அதுக்கு உயிர் வரும். இடுக்கியிலேயே பழகின பல்லி தரையில் ஓடுற புழுவைப் பார்த்துட்டு உங்க கையைப் பார்க்கும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரரைப் புழு ஊட்டச் சொல்லி யோசிச்சுப் பாருங்க.

இரும்பு இடுக்கி வேண்டாம், பாய்ஞ்சு கடிக்கும்போது வாயில் இடிக்கும். மூங்கில் அல்லது ரப்பர் முனை.

10 அக்டோபர் 2023

என்ன கிண்ணம்னு மூணு பேர் கேட்டிருக்கீங்க. சூப்பர் மார்க்கெட்டில் புட்டிங், சீஸ்கேக் அடைச்சு வருமே, அந்தச் சின்ன கண்ணாடிக் கிண்ணம். தின்னு முடிச்சுக் கழுவினா வேலை முடிஞ்சது. உட்சுவர் வழவழன்னு இருக்கும், கனமும் இருக்கும். பழைய பீங்கான் சாம்பல் தட்டு அதைவிட நல்லது, ஏன்னா உயரம் குறைவு. சாரிட்டி கடையில், அதாவது தர்மத்துக்குப் பழைய பொருள் விற்கிற கடையில், மலிவாக் கிடைக்கும். யாரும் சிகரெட் பிடிக்காத காலத்தில் அதை வாங்க நாம மட்டும்தான் போறோம்.

மண்ணால் செஞ்ச, மேல்பூச்சு இல்லாத பூந்தொட்டித் தட்டு மட்டும் வேண்டாம். கண்ணுக்கு இயற்கையா இருக்கும், புழுவுக்கு அது படிக்கட்டு. கடையில் விற்கிற சில "பாறை" கிண்ணங்களும் இப்படித்தான்: வெளியே பாறை மாதிரி, உள்ளேயும் பாறை மாதிரி. வெளியே சொரசொரப்பு இருக்கலாம், பல்லி ஏற வசதி. உள்ளே நகத்தால் தடவினா சர்ருன்னு வழுக்கணும்.

மீல்வார்ம் ஏறப் பார்க்கிறதை ஒருநாள் உட்கார்ந்து பாருங்க. கால் ஆறும் தலைக்குப் பக்கத்திலேயே இருக்கு, பின்னாடி உடம்பு முழுக்க இழுவைதான். முன்பக்கத்தைத் தூக்கிச் சுவரில் வைக்கும், ஆறு காலும் கண்ணாடியைப் பிராண்டும், வளைஞ்சு பக்கவாட்டில் விழும். திரும்ப எழுந்து அதே இடத்தில் அதையே செய்யும். காய்ந்த சுத்தமான கண்ணாடியில் அதனால் முடியவே முடியாது. சூப்பர்வார்ம், அதாவது இங்கே மோரியோன்னு விற்கிறதும் அப்படித்தான். ஆனா அது நீளம். கிண்ணம் ஆழமில்லைன்னா நிமிர்ந்து விளிம்பைப் பிடிச்சு வெளியே போயிடும்.

11 அக்டோபர் 2023

மேலே "முடியவே முடியாது"ன்னு எழுதினதுக்குப் பின்னாடி ஒரு "ஆனா" இருக்கு. லீட்ஸ்காரர் கேட்டது சரி: அவர் கிண்ணமும் கண்ணாடிதான், புழு எப்படி வெளியே போகுது?

புழு தின்னப் போடுற கேரட்டை எப்படி வச்சிருக்கீங்கன்னு பாருங்க. நீளத் துண்டா வெட்டிச் சாய்ச்சு வச்சா, அதுதான் ஏணி. வட்டமா, மெல்லிசா வெட்டிப் படுக்க வைங்க. உருளைக்கிழங்கும் அப்படித்தான். கேரட் சாறு சுவரில் ஒட்டிக் காய்ந்திருந்தாலும் காலுக்குப் பிடிமானம் கிடைக்கும். புழு தோல் உரிச்சுப் போட்ட சக்கை ஒரு மூலையில் சேர்ந்தா அதுவும் மேடு. கழுவாத கிண்ணம் எதுவா இருந்தாலும் ஏறலாம்.

11 அக்டோபர் 2023, மதியம்

கேரட் எதுக்குன்னு கேட்டவருக்கு: புழு சாகாம இருக்க ஈரம் வேணும். அது தின்னது கடைசியில் பல்லி வயித்துக்குத்தான் போகுது. காய்ந்து சுருங்கின புழு வெறும் தோல்.

15 அக்டோபர் 2023

கால்சிவார்ம். இது தனி ஜாதி. கருப்புச் சிப்பாய் ஈயோட புழு. மற்ற பூச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம், பல்லிக்கு வேண்டியது அதுக்குத் தலைகீழ். இந்தப் புழுவில் மட்டும் கால்சியம் தூக்கலா இருக்கும், பொடி தூவாமலே கொடுக்கலாம். அதனால் எல்லாரும் வாங்குறாங்க. வாங்கினவங்க எல்லாரும் ஒரு வாரத்தில் வந்து "கிண்ணம் காலி, பல்லி குண்டாகலை"ன்னு எழுதுறாங்க.

ஏன்னா இது ஏறும். காலே கிடையாது, உடம்பை ஒட்டி ஒட்டி நகரும். உடம்பு காய்ந்திருந்தா கண்ணாடியில் உருளும். லேசா நனைஞ்சிருந்தா சுவரில் அப்பிக்கிட்டு, பின்னால் ஈரக்கோடு விட்டுக்கிட்டு, நிதானமா விளிம்பு தாண்டும். இதுக்குக் கேரட் போடக்கூடாது, கிண்ணத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தெளிக்கக்கூடாது. பல்லி ஒளிய ஈரப் பாசி வச்ச குகையிலிருந்து கிண்ணத்தைத் தூரத் தள்ளி வைங்க. கழுவின கிண்ணத்தைத் துணியால் துடைச்சா போதாது, நல்லா உலரவிட்டு வைங்க.

16 அக்டோபர் 2023

சிரட்டையைக் கடையில் விற்கிறாங்களா, அதில் புழு வைக்கலாமான்னு கேட்ட ஈழத்து அக்கா, ஆமா, இங்கே ஊர்வனக் கடையில் தேங்காய்ச் சிரட்டையை வாசல் வெட்டிப் பல்லிக்கு வீடுன்னு விலை போட்டு விற்கிறாங்க. நம்ம வீட்டில் தேங்காய் துருவினா தூக்கிப் போடுறது. வீடா வைங்க, குட்டிக்கு ரொம்பப் பிடிக்கும். புழு வைக்க வேண்டாம். துருவின பிறகு உள்ளே ஒட்டியிருக்கிற தேங்காய் ரெண்டு நாளில் சிக்கு வாடை அடிக்கும், சுரண்டினா உட்புறம் கீறலாகும். கீறல் விழுந்தா பிடிமானம்தான்.

எவர்சில்வர் கிண்ணம் பரவாயில்லையான்னும் கேட்டீங்க. வழுக்கும், அதில் குறை இல்லை. ஆனா எடை இல்லை. வயசான பல்லி முன்னங்காலை விளிம்பில் வச்சா அப்படியே கவிழும், புழு எல்லாம் திசைக்கு ஒண்ணா ஓடும். தாம்பூலத் தட்டு அளவுக்குக் கனமா இருந்தா வைங்க.

20 அக்டோபர் 2023

இடம். இதைப் பத்தி யாரும் கேட்கலை, நானே சொல்றேன். வெளிச்ச பல்புக்கு நேர்கீழே கிண்ணம் வைக்காதீங்க. சூடான பக்கம் 32 டிகிரி இருக்கும், பல்புக்கு நேர்கீழே இருக்கிற கண்ணாடி அதைவிடச் சுடும். புழு வதங்கும், சாகாதது சீக்கிரம் கூட்டுப்புழு ஆகும். கூட்டுப்புழு அசையாது, அசையாததைப் பல்லி சாப்பாடாவே மதிக்காது. தொட்டா மட்டும் வாலை ஒரு சுழற்றுச் சுழற்றும், அதோட சரி.

குளிர்ந்த பக்கமோ நடுவோ வைங்க. குகை வாசலுக்கு எதிரே வச்சா படுத்துக்கிட்டே பார்க்கும். தினம் இடம் மாத்தாதீங்க. பல்லி கிண்ணம் இருக்கிற இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிச்சிடும், பொழுது சாஞ்சதும் நேரா அங்கே போய்க் கழுத்தை நீட்டிப் பார்க்கும். முதல் தடவை வைக்கும்போது மட்டும் ஒரு புழுவை இடுக்கியால் காட்டிக் கிண்ணத்தில் போடுங்க.

உயரம்: விளிம்பு பல்லியோட தாடைக்கு மேலே போகக்கூடாது. கண்ணாடிக் கிண்ணம் உயரமா இருந்தா பாதி மண்ணில் புதைக்கலாம், ஆனா அது தோண்டும்போது மண் உள்ளே விழும். பக்கத்தில் தட்டையா ஒரு ஓட்டுத் துண்டு வைக்கிறது சுலபம், படி மாதிரி ஏறிக்கும்.

21 அக்டோபர் 2023

"மீல்வார்ம் உயிரோட முழுங்கினா வயித்தைத் துளைச்சு வெளியே வருமாமே?"

வராது. பல்லி மென்னு நசுக்கித்தான் முழுங்கும். தப்பி முழுசா போனாலும் உள்ளே காத்து இல்லை, அமிலம் இருக்கு. செத்துப்போன பிராணியில் புழுவைப் பார்த்த யாரோ கிளப்பிவிட்ட கதை இது. ஒவ்வொரு வருஷமும் யாராவது புதுசா வந்து இதைக் கேட்பாங்க, அதுக்காகவே இந்தக் குறிப்பைத் தனியாப் போடுறேன்.

2 நவம்பர் 2023

இழையைத் தொடங்கினவர் இப்போ கேட்கிறார்: கிண்ணத்தில் எப்பவும் புழு இருக்கட்டுமா? அக்டோபரில் கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். இப்போ அந்தப் பதிலைப் பாதியா வெட்டுறேன். வளர்ற குட்டிக்கு எப்பவும் இருக்கலாம். வளர்ந்ததுக்குக் கூடாது. என்னோட பெரிய பெண் பல்லி கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே படுத்துக்கிட்டு, தலையை மட்டும் தூக்கித் தின்ன ஆரம்பிச்சது. வால் கழுத்தைவிடப் பருத்தது, முன்னங்கால் அக்குளில் சின்னக் கொப்புளம் மாதிரி உப்பல். அது கொழுப்புதான்னு ஊர்வன மருத்துவர் சொன்னார். வாலில் கொழுப்பைச் சேமிக்கிறது இந்த இனத்தோட வழக்கம், அதனால் பருத்த வாலைப் பார்த்து நாம சந்தோஷப்படுறோம். கழுத்தளவு வால் போதும்.

இப்போ வளர்ந்ததுக்கு ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை எண்ணிப் போடுறேன், காலையில் மிச்சத்தை எடுத்துடுறேன்.

2 நவம்பர் 2023, திரும்பவும்

மிச்சப் புழுவை எங்கே வைக்கிறதுன்னா, ஃப்ரிட்ஜில். குளிரில் மீல்வார்ம் அசையாம மயங்கிக் கிடக்கும், வளராது. சூப்பர்வார்மை வைக்காதீங்க, செத்துடும். எங்க வீட்டில் மீல்வார்ம் இருக்கிறது பழைய ஐஸ்கிரீம் டப்பாவில். தயிரும் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில்தான். மேல்தட்டு தயிருக்கு, கீழ்தட்டு புழுவுக்குன்னு மனைவி எல்லை போட்டிருக்காங்க, டப்பா மேலே மார்க்கரில் பெரிசா எழுதியும் இருக்கு. விருந்தாளி வந்தா புழு டப்பா கராஜுக்குப் போயிடும்.

5 நவம்பர் 2023

கிரிக்கெட் பூச்சியை, அதாவது சிள்வண்டைக் கிண்ணத்தில் போடலாமான்னு கேட்டா, போடலாம், அது இருக்காது. உள்பக்கம் மடிஞ்ச விளிம்பு வச்ச கிண்ணம், விளிம்பில் வழவழ டேப் ஒட்டின கிண்ணம், எல்லாம் நடந்து ஏறுறதைத்தான் தடுக்கும், தாவுறதை இல்லை. பின்னங்காலைக் கிள்ளிட்டுப் போடுறவங்க இருக்காங்க. எனக்கு மனசு வரலை. மற்றவங்க முடிவு அவங்களோடது.

ராத்திரி பெட்டிக்குள் கிரிக்கெட்டை விட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. பசியில் அது பல்லியைக் கடிக்கும், கால் விரல், கண்ணோரம்னு. மிச்சம் இருந்தா ஒரு மூலையில் கேரட் வைங்க, அங்கே கூடும், டிஷ்யூ ரோல் அட்டைக் குழாயால் மூடி எடுத்திடலாம். தண்ணீர்க் கிண்ணத்தில் ஒரு கல் போடுங்க, இல்லைன்னா அதில் மூழ்கிச் செத்து நாறும்.

டூபியா கரப்பான் கிண்ணத்துக்கு நல்ல பூச்சி. கண்ணாடியில் ஏறாது, தாவாது, கத்தாது. ஆனா மிரண்டா அசையாம ஒடுங்கிடும், பல்லி பார்த்துட்டுப் போயிடும். கரப்பானைக் காசு கொடுத்து வாங்குறான்னு ஊரில் சொன்னா என்ன நினைப்பாங்கன்னு ஒரு கணம் யோசிச்சேன்.

வெட்டுக்கிளி மேலே ஏறுற ஜாதி. தரைப் பல்லிக்குக் கிண்ணத்தில் வச்சுப் பிரயோஜனமில்லை.

19 நவம்பர் 2023

சிட்னி நண்பர் தாடிப் பல்லி, அதாவது பியர்டட் டிராகன் வச்சிருக்கார். (அங்கே அது உள்ளூர்ப் பிராணி, நியூ சவுத் வேல்ஸில் வளர்க்க உரிமம் வேணும், வாங்கிட்டேன்னு சொல்றார், சந்தோஷம்.) அதோட கணக்கு வேற. பகலில் இயங்கும், குட்டியில் பூச்சி அதிகம், வளர வளர இலைதான் அதிகம். அதனால் ரெண்டு தட்டு. இலைக்கு அகலமா, தட்டையா. புழுவுக்குக் குழியா. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா புழு இலைக்கு அடியில் ஒளியும், இலையில் ஏறியே வெளியேயும் போகும்.

தட்டில் நடந்து போய் அதிலேயே கழிஞ்சு வைக்கிறது இந்த இனத்தோட குணம். ஒரே வழி, வெயில் காயுற பாறையிலிருந்து தட்டைத் தள்ளி வைக்கிறது. எவர்சில்வர் இதுக்குக் கண்டிப்பா வேண்டாம். அதில் தன் உருவம் தெரிஞ்சா சிலது தாடியைக் கருக்கிக்கிட்டுச் சண்டைக்கு நிக்கும். சாப்பிட வந்த இடத்தில் எதிரி.

20 நவம்பர் 2023

மான்செஸ்டர் தம்பி, பச்சோந்திக்குத் தரைக் கிண்ணம் வைக்காதே. அது கீழே இறங்கிச் சாப்பிடுற பிராணி இல்லை. கிளையில் கட்டித் தொங்கவிடுற ஆழமான கப் வேணும், உட்சுவரில் பின்பக்கம் மட்டும் வலைத்துண்டு ஒட்டு. பூச்சி வலையில் ஏறி நிக்கும், பச்சோந்தி எதிரிலிருந்து நாக்கு வீசும். கப்பை அது வழக்கமா உட்கார்ற கிளையிலிருந்து நாக்கு எட்டுற தூரத்தில் கட்டு. குட்டிப் பச்சோந்திக்குப் பழ ஈ: கப்பில் ஒரு துண்டு வாழைப்பழம் போட்டா ஈ அங்கேயே சுத்தும்.

சென்னையிலிருந்து ஒருத்தர் "எங்க தோட்டத்தில் பச்சோந்தி பிடிச்சேன், என்ன கிண்ணம்?"னு கேட்டிருக்கார். முதலில், தோட்டத்தில் இருக்கிறது அநேகமா ஓணான். நிஜப் பச்சோந்தியா இருந்தா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் பாதுகாக்கப்பட்ட உயிர், வீட்டில் வைக்கக்கூடாது. எதுவா இருந்தாலும் பிடிச்ச மரத்திலேயே விட்டுடுங்க. அதுக்குக் கிண்ணம் வேண்டாம்.

4 டிசம்பர் 2023

கால்சியம் பொடி. புழுவைப் பொடியில் குலுக்கிக் கிண்ணத்தில் போட்டா, கொஞ்ச நேரத்தில் பொடி உதிர்ந்து அடியில் கிடக்கும், புழு மட்டும் பளபளன்னு இருக்கும். ஆகவே அது சாப்பிடுற நேரம் பார்த்துத் தூவுங்க, காலையில் தூவி வச்சுட்டு ஆபீஸ் போகாதீங்க. கூடவே பாட்டில் மூடியில் வெறும் கால்சியம் பொடி வைங்க, வேணும்னா வந்து நக்கும். வைட்டமின் டி3 கலக்காத பொடிதான் மூடியில் இருக்கணும். டி3 அளவு மீறினா கெடுதல். அதை டப்பாவில் சொன்ன அளவில், சொன்ன நாளில் தூவுறதோட நிறுத்திக்கணும்.

கால்சியம் இல்லாம எலும்பு வளைஞ்ச பல்லியைப் பார்த்தவங்க இதில் சோம்பல் படமாட்டாங்க. தாடை ரப்பர் மாதிரி ஆகி, புழுவைக் கவ்வ முடியாம விடும்.

9 டிசம்பர் 2023

ஊரிலிருந்து வந்திருக்கிற மாமியார் பெட்டியைப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இது மேலே விழுந்தா என்ன பலன்?" பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலன் பக்கத்தை எடுத்தே வச்சுட்டாங்க. இதுக்கு விரலில் ஒட்டுற பட்டை கிடையாது, சுவரில் ஏறாது, அதனால் யார் தலையிலும் விழாதுன்னு சொன்னேன். கண் இமைக்கிறதைப் பார்த்ததும் "இது பல்லியே இல்லை"ன்னு தீர்ப்பு வந்துடுச்சு. வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது, அவங்க சொன்னதில் நியாயம் இருக்கு. இப்போ கேரட் வட்டமா வெட்டித் தர்றது அவங்கதான், என்னைவிட மெல்லிசா.

13 ஜனவரி 2024

கிண்ணம் என்ன நிறத்தில் வைக்கணும்னு கேட்டவருக்கு. ராத்திரிப் பிராணிக்கு நிறம் தெரியாதுன்னு ஒருத்தர் பதில் போட்டிருந்தார். தெரியும். 2004-இல் சுவீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்து ஆய்வில், ஹெல்மெட் கெக்கோங்கிற ராத்திரிப் பல்லி மங்கலான நிலா வெளிச்சத்தில் நீலத்தையும் சாம்பலையும் பிரிச்சுக் காட்டியது. அந்த வெளிச்சத்தில் நமக்கு நிறமே தெரியாது. அது வேற இனம்தான், இருந்தாலும் "கண் தெரியாத பிராணி, எந்தக் கிண்ணம் வச்சா என்ன"ன்னு நினைக்க வேண்டாம். மஞ்சள் புழுவுக்குக் கருப்பு அல்லது கருநீலக் கிண்ணம் வைக்கிறேன். வெள்ளைக் கிண்ணத்தில் தோல் உரிச்ச புது மீல்வார்ம் வெள்ளையாவே கிடக்கும், பார்வை மங்கின அல்பினோ (கருநிறமி இல்லாத) பல்லி அதைத் தாண்டிப் போகும்.

14 ஜனவரி 2024

பொங்கல் வாழ்த்துகள். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீங்க. சால்மோனெல்லாங்கிற வயித்துக் கிருமி வரும். குளியலறையில், தனி பிரஷ், பிறகு கையைச் சோப்பு போட்டு.

ரெண்டு பல்லி இருந்தா ரெண்டு கிண்ணம், மாத்திப் போடக்கூடாது. கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி இருக்கு. வந்தா வால் குச்சியா மெலியும், பெரும்பாலும் மீளாது. ப்ளீச்சில் ஊற வச்சா போயிடும்னு இந்த இழையிலேயே ஒருத்தர் எழுதியிருக்கார், அதுக்குப் போகாது. கொதிக்கிற சூடு வேணும். கண்ணாடியும் பீங்கானும் அதைத் தாங்கும், பிளாஸ்டிக் கிண்ணம் நெளியும். பிளாஸ்டிக் வேண்டாம்னு நான் சொல்றதுக்கு இதுதான் பெரிய காரணம். ஆனா கண்ணாடியைக் குளிர்ந்த அலமாரியிலிருந்து எடுத்த கையோட கொதிநீரை ஊத்தாதீங்க, விரிசல் விடும். விரிசல் விட்டதை எறிஞ்சிடுங்க.

3 பிப்ரவரி 2024

இழையைத் தொடங்கினவர் படம் போட்டிருக்கார்: சாம்பல் தட்டு, அதில் நாலு பக்கமும் சிகரெட் வைக்கிற பள்ளம். பள்ளம் எல்லாம் வாசல், ஐயா. சிலிக்கான் வச்சு அடைச்சு நல்லா காயவிடுங்க, இல்லைன்னா புழு அளவைக் குறைச்சுப் பள்ளத்துக்குக் கீழேயே இருக்கிற மாதிரி போடுங்க. பள்ளமில்லாத வட்டத் தட்டு கிடைச்சா வாங்கி மாத்திடுங்க.

குட்டிக்கு என்ன கிண்ணம்னு கேட்டவருக்கு: ஜாம் பாட்டில் மூடி போதும். திருகு மரையை உள்பக்கமா மடிச்ச மூடியா பாருங்க, சின்ன மீல்வார்முக்கு அந்த மடிப்பே கூரை. மூடி லேசா இருக்கும். அடியில் ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பை வச்சு ஓட்டுத் துண்டு மேலே ஒட்டிடுங்க.